மிச்சத் தீன்

முதலில் நூல் என்றுதான் நினைத்தேன்.
மகளின் யூனிபோர்ம் மடிப்பு அவிழ்த்த வெள்ளை நூல்
பறந்துபோய்த் தொட்டிக்குள் விழுந்திருக்கும் என்று.
பிறகு அந்த நூல்
கண்ணாடியில் ஏறத் தொடங்கியது.

ரோச் அடித்துப் பார்த்தேன்.
முக்கோணத் தலை. அதில் இரண்டு வாக்குக் கண்,
இல்லாத மூக்கைப் பார்த்தபடி.
எண்ணத் தொடங்கி
நாற்பத்தொன்றில் விட்டுவிட்டேன்.

ஒன்றைப் பிளேட்டால் நறுக்கி
யோகட் கோப்பையில் விட்டேன், என்னதான் செய்யும் பார்ப்போமென்று.
அடுத்த கிழமை இரண்டுக்கும் தலை இருந்தது.
விசுவமடுச் சங்கக்கடையில் பதினொரு வருசமாய்க் கணக்கெழுதுகிறேன்,
இப்படியொரு கழித்தலை நான் கண்டதில்லை.

டிப்போச் சந்தியில் மீன் விற்கிற கஜமுகன் சொன்னான்:
"போத்தல் மூடியில துளை போட்டு
உள்ள ஒரு துண்டு கோழியீரல் வையுங்கோ.
இரவு முழுக்கக் கிடக்கட்டும்."
விடிய எடுத்தால்
போத்தல் நிறைய இடியப்பம் பிழிந்த மாதிரி.
முற்றத்துச் சுடுமணலில் கொட்டினேன்.
கோழி வந்தது, தலையைச் சரித்துப் பார்த்தது,
தன் ஈரலுக்கு வந்த கதி தெரிந்ததோ என்னவோ
போய்விட்டது.

அதற்குப் பிறகு பாக்கு.
சீவி, அவித்து, வடித்து, ஆறவிட்டு
நாலு தேக்கரண்டி.
புழுக்கள் சுருண்டு சுருண்டு விழுந்தன.
நத்தைகளும் விழுந்தன.
அதில் ஒன்றுக்குச் 'சுருளி' என்று பெயர் இருந்ததாம்;
மகள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

பத்து நாள் கண்ணாடி கண்ணாடியாய்க் கிடந்தது.
பதினோராம் நாள் மூலையில் ஒரு நூல்.

"அக்கா, தீன் கூட," என்றான் கஜமுகன் போனில்.
"மிஞ்சிற தீனிலதான் அது பெருகும். ஆர் போடுறது?"
மகள்தான், காலையில், இரண்டு விரலால் நுள்ளி.
வேறு ஒருவரும் இல்லை என்றேன்.
என்றாலும் அவளுக்கு ஏச்சு விழுந்தது.

சாமம் இரண்டு மணியிருக்கும்.
மோட்டர் இரைச்சலுக்கு மேலே
ரின் குலுங்குகிற சத்தம்.
இவர் சாரத்தோடு தொட்டியடியில்.
நெஞ்சில் நீல வெளிச்சம், உள்ளங்கையில் குவியலாய்த் தீன்.
"பசியில மேல மேல வருதுகள்," என்றார்
திரும்பிப் பாராமல்.

கப்பி மீன் ஆருக்கும் மேலே வரும்.
வெறும் விரலின் நிழலுக்கும் வரும்.
நான் அதைச் சொல்லவில்லை.

பதினைந்து வயதில்
ஒரு பால்மா ரின்னைத் தூக்கிக்கொண்டு
கஞ்சிக்கு நின்ற வரிசையைப்பற்றி
ஒரேயொருமுறை சொல்லத் தொடங்கினார்,
கலியாணம் முடித்த புதிதில்.
தனக்கு முன்னால் எட்டுப் பேர் என்றார்.
ஏழு, ஆறு என்றார்.
பிறகு எழும்பி மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.
அந்த வரிசை இன்னும் ஆறில் நிற்கிறது.

இப்போது தீன் ரின்னை நான்தான் நிரப்புகிறேன்.
கரண்டியின் நுனியளவு, தினமும்.
மிச்சத்தைச் சீனிப் போத்தலுக்குப் பின்னால் ஒளித்திருக்கிறேன்.
இவர் ரின்னைக் காதோடு வைத்துக் குலுக்கிப் பார்ப்பது
படுத்தபடி எனக்குக் கேட்கும்.

சனிக்கிழமை தோறும் அடிமணல் உறிஞ்சுகிறோம்.
குழாயை வாயால் இழுப்பது நான்,
வாளி பிடிப்பது இவர்.
"எங்கயிருந்துதான் வருதுகளோ," என்பார்.
"ஓமப்பா," என்பேன் நானும்,
ஊத்தைத் தண்ணியைத் துப்பிவிட்டு.

நேற்று, கல்லோரம் ஒரு வெள்ளை.
குழாயைக் கிட்டக் கொண்டுபோனேன். அசையவில்லை.
தலை இல்லை, கண் இல்லை.
அதற்குப் பின்னால் இன்னொன்று, இன்னும் நாலைந்து.

சோறு.

நிமிர்ந்து பார்த்தேன்.
இவர் வாளியை இரண்டு கையாலும் பிடித்தபடி
கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.